ஒரு பொயிலருக்குப் பணம் தேடிய நாட்கள்

செப்டம்பர் 2, செவ்வாய்

விடியும்போதே தூறல். விறகு ஈரம். அடுப்பு பற்றவே மாட்டேன் என்றது. புகை பாதி என் இடியப்பக் கொட்டகைக்குள், பாதி பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்.

காலையில் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பி.எச்.ஐ. மாத்தயா என்றால்தான் இங்கே கட்டுகஸ்தோட்டையில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு டீச்சருக்கு இழுப்பு நோய். என் அடுப்புப் புகையால் மூச்சு விட முடியவில்லை என்று முறைப்பாடு. கொடுத்தது டீச்சர் இல்லை, அவர் மகன். கோபப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. எனக்கே இருமல்.

மாத்தயா சொன்னது இதுதான்: விறகு அடுப்பு இனிக் கூடாது. நீராவிப் பொயிலர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கொட்டகையை மூட வேண்டும். சிங்களத்தில் மெதுவாகத்தான் சொன்னார். நான் அழுதுவிடுவேன் என்று பயந்திருப்பார். தீபாவளி வரைக்கும் நேரம் தந்திருக்கிறார். போகும்போது இடியப்பப் பார்சல் நீட்டினேன். காசு கொடுத்துத்தான் வாங்கினார். நல்ல மனுஷன்.

மூடினால் நான் மட்டும் இல்லை. இடியப்பம் பிழிகிற ஐந்து பெண்களும் வீட்டில். அவர்களில் ஒருவர் மீனாட்சி அக்கா. தட்டுகளைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். ஏதாவது கேட்டிருந்தாலாவது நான் கத்தியிருப்பேன்.

இந்த டயரி தை மாதம் நிஸாம் நானா கடையில் கொடுத்தது. நானா என்றால் முஸ்லிம் ஆட்களின் பேச்சில் அண்ணன்; அக்குறணையில் மாவுக் கடை வைத்திருக்கிறார். ஆரம்பத்திலிருந்து எனக்குச் சிவப்பரிசி மா அவரிடம்தான். டயரி இத்தனை மாதம் அலுமாரியில் கிடந்தது. மனதில் இருப்பதைச் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் எழுதலாம் என்று எடுத்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

செ.யும் நானும் பல்லேகலைக்கு. (செ. என்றால் செல்வம். என் வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், இடியப்பத்தைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். ஒவ்வொரு தடவையும் முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது.) அங்கே ஒரு வேலைத்தளத்தில் பொயிலர் செய்கிறார்கள். யாரோ ஒரு ஹோட்டல்காரர் சொல்லிவைத்து எடுக்காமல் போன ஒன்று தயாராக நிற்கிறது. எங்களுக்கு அளவான சைஸ். பளபளவென்று இருந்தது. விலையைக் கேட்டதும் செ. இருமினார். அங்கே புகையே இல்லை.

வரும் வழியில் ஆட்டோவுக்குள் இருந்தபடி யோசித்த வழிகள்:

நகை அடகு. தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் ஏற்கெனவே அங்கேதான் குடியிருக்கின்றன. ஆட்டோ எஞ்சின் செய்த புண்ணியம்.

லீசிங். செ. விசாரித்தார். வாகனம் என்றால் தருவார்களாம். நம்பர் தகடு இல்லாத சாமானுக்கு இல்லையாம். பொயிலருக்கு டயர் பூட்டலாமா என்று கேட்டார் என் வீட்டுக்காரர், அந்த நேரத்திலும்.

சீட்டு. என் முறையை மழைக்காலத்திலேயே எடுத்துச் சாப்பிட்டாயிற்று.

கிழமைக் கடன், குழுவாகச் சேர்ந்து எடுப்பது. என் தங்கை மடுல்கெல்லயில் எடுத்தாள். வசூலிக்க மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் கேட்டால் தேயிலைக்குள் போய் ஒளிந்து நின்றாள். இது வேண்டாம். ஜென்மத்துக்கும் வேண்டாம்.

செ.யின் லண்டன் மச்சான். வாழ்த்து அனுப்புவார்.

வங்கி. போய்ப் பார்க்கலாம். உதைக்கவா போகிறார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வங்கி. உள்ளே ஏ.சி. குளிர், வெளியே கண்டி வெயில். சேலையில் மா ஒட்டியிருந்ததை அங்கே போய்த்தான் பார்த்தேன்.

கடன் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. துஷ்யந்தி என்று பெயர்ப்பலகை. இங்கே மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான். "இருங்கோ அக்கா" என்று கதிரையைக் காட்டியது. அந்த ஒரு சொல்லிலேயே பாதிப் பயம் போய்விட்டது. வங்கியில் என்னை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

குறைந்த வட்டி அரசாங்கத் திட்டம் ஒன்று இருந்ததாம். இந்தச் சுற்று முடிந்துவிட்டதாம். சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு வங்கியின் சொந்தக் கடன் இருக்கிறதாம். அதற்கு ஈடு வேண்டும்.

"காணி உறுதிப் பத்திரம் ஏதும் இருக்கோ அக்கா?"

"நான் தேயிலத் தோட்டத்து லயத்துல பொறந்தவ மிஸ். எங்க பரம்பரைக்கே ஒரு உறுதி இல்லீங்க. இப்ப இருக்கிறது வாடக வீடு."

அந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. சிரிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. "அப்ப வேற வழி பாப்பம். முதல்ல நான் வந்து உங்கட இடத்தைப் பாக்கவேணும்" என்றது. அடுத்த வியாழன் பத்தரைக்கு வருகிறது.

எனக்கு அந்த 'பாப்பம்' போதும். வீட்டுக்கு வந்து மீனாட்சி அக்காவைக் கட்டிப்பிடித்தேன். "ஐயோ, சேலையெல்லாம் மாவு" என்று தள்ளிவிட்டார்.

செப்டம்பர் 17, புதன்

மடுல்கெல்லயிலிருந்து அம்மா வந்திறங்கினார். பையில் சுண்ணாம்பு. கேள்வியே இல்லை, நேரே கொட்டகைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தார்.

"நாளைக்கு ஆபீசர் வர்றாங்க, இந்தக் கோலத்துலயா வச்சிருப்ப?"

தோட்டத்தில் அப்படித்தான். பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் லயத்துக்கு வெள்ளை அடிப்போம், சாக்கடைக் கான் துப்புரவாக்குவோம், காயப்போட்ட துணியைக்கூட உள்ளே எடுத்துவிடுவோம். பிள்ளைகளுக்குத் தலை சீவி வரிசையில் நிறுத்துவார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அம்மா, நான், ஐந்து பெண்கள், எல்லோரும் பின்னேரம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். கரி பிடித்த சுவரை இத்தனை வெள்ளையாக நான் பார்த்ததே இல்லை.

விறகைப் பின்னால் ஒளித்தாயிற்று. இடியப்ப உரல், தட்டுகள், மா அவிக்கிற நீத்துப்பெட்டி எல்லாம் மீனாட்சி அக்கா வீட்டுக்கு. நாளைய ஓடரை மாவில்மடையில் இடியப்பம் போடுகிற இன்னொருவரிடம் தள்ளிவிட்டோம். பெண்களுக்குச் சம்பளத்தோடு லீவு.

செ. மட்டும் தலையைச் சொறிந்தார். "வேல செய்யிற எடத்த பாக்கத்தான வர்றாங்க?" என்றார். அம்மா பார்த்த பார்வையில் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

மிஸ் சரியான நேரத்துக்கு வந்தது. அடுப்பு மேடை மேல் பூப்போட்ட மேசை விரிப்பு, அதன் மேல் பூச்சாடி. கேக், பற்றிஸ், ஒரேஞ் கோடியல். அம்மா புதுச் சேலையில் கைகட்டி நின்றார்.

"வேலை எங்க அக்கா நடக்கிறது?"

"இங்கதாங்க மிஸ்."

பிள்ளை பூச்சாடியைப் பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்தது. ஏதோ எழுதிக்கொண்டது. இரண்டு பற்றிஸ் சாப்பிட்டது. நன்றாக இருக்கிறது என்றது. அம்மாவுக்கு அதிலேயே கடன் கிடைத்த மாதிரி. எனக்கும்தான்.

செப்டம்பர் 24, புதன்

மழை. மிஸ்ஸிடமிருந்து போன்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நான் வந்து பாத்ததில அங்க தொழில் நடக்கிற மாதிரி ஒண்டும் இல்லை. ஒரு தட்டுக்கூட இல்லை. மனேஜர் கேக்கிறார், இது உண்மையா இயங்குதோ எண்டு."

நாங்கள் வெள்ளை அடித்த கதையை, தட்டு ஒளித்த கதையை, ஓடரை அடுத்தவனுக்குக் கொடுத்த கதையை எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினேன். போன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மிஸ் சிரித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்கள் எத்தனை மணிக்குப் பிழிவியள்?"

"விடியிறதுக்கு முன்னுக்கே மிஸ்."

"சரி. வெள்ளிக்கிழமை கந்தோருக்குப் போக முதல் வாறன். தயவுசெய்து ஒண்டையும் துடைக்காதேங்கோ."

அம்மாவுக்குச் சொன்னேன். "காலம் கெட்டுப் போச்சு" என்றார்.

செப்டம்பர் 26, வெள்ளி

மிஸ் வந்தது. போடிங் வீட்டுக்காரம்மாவின் பெரிய குடையோடு, விடியற்காலையில், ஒற்றை ஆளாக. இதெல்லாம் அந்தப் பிள்ளையின் வேலையே இல்லை. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பெண்கள் பிழிவதையும் தட்டு அடுக்குவதையும் செ. பார்சல் கட்டுவதையும் போனில் படமெடுத்தது. கடைகளின் ஓடர் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்தது. கடைசியில் தானும் ஒரு தட்டுப் பிழிந்தது. பாதி வட்டம், பாதி சிக்கல். மீனாட்சி அக்கா அதை அவித்து அந்தப் பிள்ளைக்கே சொதியோடு கொடுத்தார். நின்றபடி சாப்பிட்டுவிட்டு ஓடிப் பஸ் பிடித்தது.

யார் பெற்ற பிள்ளையோ. நன்றாக இருக்க வேண்டும்.

வெள்ளைச் சுவர் மறுபடி கரி. அம்மாவுக்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

மனேஜர் சம்மதம். ஆனால் உறுதி இல்லாததால் இரண்டு பேர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மாதச் சம்பளக்காரர், மற்றவர் தொழில் செய்பவர்.

முதல் ஆள் கஷ்டமில்லை. செ.யின் அண்ணன், தெல்தெனியவில் வாத்தியார். விக்டோரியா அணைப் பக்கம் போய் வரப் பின்னேரம் ஆகிவிட்டது. விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, மூக்குக்கண்ணாடியைத் தேடினார். "எங்க போடணும்?" என்றார். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தார். அவர் பயமும் நியாயம்தான். கடன் முறிந்தால் வாத்தியார் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

இரண்டாவது ஆள் யார் என்று யோசிக்கவே இல்லை. நிஸாம் நானா இருக்கும்போது என்ன யோசனை?

செப்டம்பர் 30, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை.

அக்குறணை. நானா கடையில் எப்போதும் போல் பிளேன்டீ வந்தது. எல்லாம் சொன்னேன். பொயிலர், புகை, தீபாவளித் தவணை, மிஸ். நானா முழுக்கக் கேட்டார். கையெழுத்து என்றதும் தாடியைத் தடவினார்.

"அத மட்டும் கேக்காதீங்க தங்கச்சி. என்னால ஏலா."

அதற்குள் லொறி வந்தது, மா மூட்டை இறக்க ஆட்கள் கத்தினார்கள், கடையில் கூட்டம். நானா அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நான் தேநீரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இத்தனை வருடம் மாவுக் காசுக்கு ஒருநாள்கூடத் தவணை தவறியதில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு விடிய விடிய இடியப்பம் பிழிந்து கொடுத்தவள் நான். ஏலாவாம். ஆட்டோவில் வரும்போது செ., "ஏதாவது காரணம் இருக்கும்" என்றார். அவரிடமும் சண்டை.

அக்டோபர் 1, புதன்

இனி அக்குறணைப் பக்கமே போவதில்லை. டவுனில் வேறு கடையில் மா வாங்கினேன்.

அக்டோபர் 2, வியாழன்

அந்த மா நாசம். இடியப்பம் பிழியும்போதே அறுந்து அறுந்து விழுகிறது. அவித்தால் பொலபொல. பேராதனை ரோட்டுச் சைவக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். பெண்கள் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மீனாட்சி அக்கா: "கோவம் நானா மேல. மாவு மேல எதுக்கு?"

வாயில்தான் அத்தனை வீராப்பு, வயிற்றுக்குள் ஒரே பயம். மாதம் ஓடுகிறது.

அக்டோபர் 3, வெள்ளி

இதை ஆற அமர எழுத வேண்டும்.

ஜும்மா முடிந்து நேரே வந்திருக்கிறார் நானா. தொப்பிகூடக் கழற்றவில்லை. கூடவே அவர் மனைவி பரீதா தாத்தா (அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா), கையில் வட்டிலப்பம். செ. வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்க்கிறார், உள்ளே விடலாமா என்று.

பரீதா தாத்தாதான் தொடங்கினார். "இந்த மனிசன் ரெண்டு நாளா சாப்பிடல்ல. கடையில ஆக்கள் ஈந்ததால வெளங்கப்படுத்தி சொல்லக் கிடைக்கல்லயாம். நீங்க டீயக்கூட குடிக்காம போன எண்டு ஒரே பொலம்பல்."

நானா தரையைப் பார்த்தபடி சொன்னார். வட்டி அவர்களுக்கு ஹராம் என்று எனக்குத் தெரியும். வாங்குவது மட்டும்தான் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுப்பதும், அந்தக் கணக்கை எழுதுவதும், அதற்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவதும் எல்லாமே ஒன்றுதானாம்.

"ஒங்களுக்குப் பிணை நிக்க மாட்டன் எண்டு நான் சொல்லல்ல தங்கச்சி. வட்டிக்குப் பிணை நிக்க ஏலா. அந்த பொயிலர் வாங்க நான் என்ன செய்யணும், அதச் சொல்லுங்க."

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் உள்ளே போய் அழுதேன். பரீதா தாத்தா பின்னாலேயே வந்து அடுப்பை ஊதினார். சீனி எங்கே என்று மட்டும் கேட்டார்.

நானா இரண்டு வழி சொன்னார். ஒன்று, பொயிலரை அவர் வாங்கி, தன் லாபத்தைச் சேர்த்து ஒரு விலை பேசி எனக்கு விற்பார். நான் தவணையாகக் கொடுக்க வேண்டும். பேசின விலை பேசினதுதான், தாமதித்தாலும் ஏறாது. மற்றது, அவர் பணம் போட்டுத் தொழிலில் கூட்டாளியாக வருவது. யோசித்துச் சொல்லச் சொன்னார்.

நாளைக்கு மா அவர் லொறியிலேயே வருகிறது. கேட்கக்கூட இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மகாவலி கலங்கலாக ஓடுகிறது. மேலே எங்கோ நல்ல மழை.

நாள் முழுக்க இதே பேச்சு. பெண்களையும் கூப்பிட்டு வைத்துப் பேசினேன். இது அவர்கள் சோறும்தான்.

தவணை வழியில் தொழில் முழுக்க என்னுடையது. ஆனால் விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் கட்ட வேண்டும். பள்ளிக்கூட லீவு வந்தால் கன்டீன் ஓடர் நிற்கும், அப்போதும் கட்ட வேண்டும். கூட்டு என்றால் அந்தப் பயம் இல்லை. ஆனால் ஆள் ஒருவர் மேலே வந்துவிடுவாரே.

மீனாட்சி அக்காவுக்குக் கூட்டு பிடிக்கவில்லை. "நாளைக்கு அவுங்க வந்து, ரெண்டு பேர நிறுத்துன்னு சொன்னா?"

அதுதான் எனக்கும். சின்ன வயதிலிருந்து மேலே ஒரு துரை, அவருக்கு மேலே இன்னொரு துரை. இந்தத் தகரக் கொட்டகையில்தான் முதல்முதலாக என் தலைக்கு மேல் யாரும் இல்லை. மழை ஒழுகினாலும் அந்தச் சுகம் பெரிசு.

அக்டோபர் 6, திங்கள்

அக்குறணைக்குப் போனேன். நானா கடையை மகனிடம் விட்டுவிட்டு மேல்மாடிக்குக் கூட்டிப்போனார். பரீதா தாத்தாவும் இருந்தார். மனதில் இருந்ததை ஒளிக்காமல் கேட்டேன்.

"நானா, கூட்டுன்னா யாரு சொல்றத யாரு கேக்குறது?"

"தொழில் ஒங்கட. நான் பிழியத் தெரிஞ்சா வந்தீக்கிறன்? கணக்க மாசா மாசம் காட்டுங்க, அது போதும்."

"எங்க பொம்பளைங்கள நிப்பாட்டச் சொல்லக் கூடாது."

"எழுதிக்கொள்ளுங்க."

"லாபம் எப்புடி?"

பேசினோம். நான் கேட்டதைவிட எனக்குக் கூடவே வைத்தார், உழைப்பு என்னுடையதாம். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டு.

"நட்டம் வந்தா?"

"போட்ட காசுப்படி எனக்கும் நட்டம்தான்."

"நீங்க போட்ட காச நான் எப்புடியும் திருப்பித் தரணும்ல?"

"நட்டத்துல போனா போனதுதான் தங்கச்சி. லாபத்துல மட்டும் பங்கு எடுத்தா அதுக்குப் பேர் கூட்டா?"

நான் திரும்பவும் கேட்டேன். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துத் திரும்பவும் சொன்னார். விளங்கியது. நம்பத்தான் முடியவில்லை. அடகுக் கடை, சீட்டு, தங்கச்சியின் கிழமைக் கடன், வங்கி, ஒவ்வொரு இடமும் மனதில் வந்து போனது. வங்கிப் பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன், தன்னால் முடிந்ததற்கு மேலே செய்தது. ஆனால் பணம் தருகிறவர் யாரும் என் நட்டத்தில் பங்கு எடுப்பதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சொந்தக்காரர்களும் சொன்னதில்லை.

கூட்டுத்தான். சரி என்று சொல்லிவிட்டேன்.

பின்னேரம் மிஸ்ஸுக்குப் போன். கடன் வேண்டாம் என்று சொல்லக் கூச்சம், அவ்வளவு அலைந்த பிள்ளை. "நல்ல விஷயம்தானே அக்கா! ஆனா வாய்ப்பேச்சா விடாதேங்கோ, எழுதிக் கையெழுத்து வையுங்கோ" என்றது. கணக்கு எழுதும் முறை ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லித் தருகிறதாம். கொஞ்ச நாள் ஒழுங்காக எழுதினால் பிறகு உறுதி இல்லாமலும் வங்கிக்கு வரலாமாம். வரும்போது பற்றிஸ் இருக்குமா என்றும் கேட்டது.

தெல்தெனிய அண்ணிக்கும் சொன்னேன். போனிலேயே முகம் மலர்ந்தது தெரிந்தது.

அக்டோபர் 16, வியாழன்

பொயிலர் வந்தது!! ஒழுங்கைக்குள் லொறி வராது. பெரிய ரோட்டிலிருந்து எட்டுப் பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டீச்சரின் மகனும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தள்ளினார். முறைப்பாடு கொடுத்த ஆள். முடிந்ததும் இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. "அம்மாவுக்கு எப்புடிங்க?" என்றேன். "பரவாயில்லை" என்றார். கோடியல் கொடுத்தேன், குடித்தார்.

மீனாட்சி அக்கா கற்பூரம் காட்டினார். நானா ஒதுங்கி நின்று அவர் பாட்டில் துஆ கேட்டார். முதல் நீராவி வந்த சத்தத்தில் எல்லோரும் வெளியே ஓடினோம். செ. முதலில்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடிய முன்னமே ஓடர் எல்லாம் முடிந்தது. விறகில் என்றால் நடக்காது. பெண்கள் தலை குளித்துப் புதுச் சேலையில் வீட்டுக்குப் போனார்கள், புகை நாற்றம் இல்லாமல்.

லீவு நாளென்றும் பாராமல் பி.எச்.ஐ. மாத்தயா எட்டிப்பார்த்தார். குழாயைத் தொட்டுப் பார்த்தார், கான் பார்த்தார், சரி என்றார். முறுக்கு மட்டும் சும்மா வாங்கிக்கொண்டார்.

பரீதா தாத்தாவிடமிருந்து எல்லாப் பெண்களுக்கும் துணி. அம்மா மடுல்கெல்லயிலிருந்து போன் போட்டு, ஆபீசர் வந்தாரா, வெள்ளை அடித்தாயா என்று கேட்டார்.

சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு நிற்கும்போது என்ன கேட்பது என்று தெரியவில்லை. எல்லாம் கையில் இருந்தது. சும்மா கும்பிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

ராத்திரி முழுக்கப் பேய் மழை. எங்கள் பக்கம் ஒன்றுமில்லை. பொயிலர் ஓடியது, மாத்தளை ரோட்டு ஓடர் முழுக்கப் பிழிந்து ஏற்றினோம். புது ஓடர், இதுவரை எடுத்ததிலேயே பெரிசு. முதல் நாள் என்று நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

அக்குறணைக்கு முன்னாலேயே எல்லாம் நின்றுவிட்டது. ஓயா ஆறு பெருகி டவுனுக்குள் தண்ணீர். பஸ், லொறி, வான், எல்லாம் வரிசையாக. ஆட்டோவைத் திருப்பவும் இடமில்லை. அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போன் எடுத்து, இன்றைக்கு வேண்டாம் என்றார்கள். அவர்கள் மேல் என்ன பிழை. வெயில் ஏறினால் இடியப்பம் புளிக்கும்.

செ. என் முகத்தைப் பார்த்தார். தலையாட்டினேன். பஸ்ஸில் பசியோடு இருந்த சனத்துக்குப் பார்சலைக் கொடுக்கத் தொடங்கினார். பச்சைப்பிள்ளைக்காரி ஒருத்தி காசை நீட்டினாள். வாங்கவில்லை.

ஆட்டோ வெறுமையானதும்தான் எனக்கு நட்டம் நினைவுக்கு வந்தது. கூட்டுச் சேர்ந்து ஒரு மாதம். அதற்குள் இப்படி. நானாவிடம் எப்படிச் சொல்வது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவரே கூப்பிடுகிறார். பின்னால் ஒரே இரைச்சல். யாரோ மூட்டையைத் தூக்கு, தூக்கு என்று கத்துகிறார்கள். பரீதா தாத்தாவின் குரலும் கேட்கிறது.

"தங்கச்சி, மாத்தளை ஓடர் போக ஏலாதே. எவ்வளவு நட்டம்? என்ட பங்கு எவ்வளவு?"

"நானா, கடைக்குள்ள தண்ணி வந்துருச்சா?"

"முழங்கால் மட்டத்துக்கு ஈக்கிது."

"மாவு மூட்டையெல்லாம்?"

"அது என்ட தனிக் கணக்கு தங்கச்சி. நீங்க நம்மட கணக்கச் சொல்லுங்க."